புதிய கிளச்சைப் பழக்குதல்

கல்முனைக் கரையோரத்திலே மாட்டு வண்டிகள் நிறைந்திருந்த காலத்தில், இளங்காளையை வாங்கிய அன்றே அதன் கழுத்தில் நுகத்தை ஏற்றி, நெல்மூடை அடுக்கி ஓட்டியவர் எவரும் இலர். முதலில் வெறும் நுகத்தைக் கழுத்தில் வைத்து வளவுக்குள்ளேயே நடத்துவர். பின்பு பழகிய கிழட்டு மாடு ஒன்றோடு இணைத்து, வெறு வண்டியில் பூட்டி, மணல் ஒழுங்கைகளிலே சில நாள் உலாவ விடுவர். அதன் பிறகு அரைப் பாரம். கழுத்துத் தோல் காய்த்துத் தடித்த பின்னரே அக்காளை வட்டைக்குச் சென்று முழுப் பாரம் இழுக்கும். அவசரத்தினாலே கழுத்தில் புண்பட்ட காளை, புண் ஆறிய பின்னும் நுகத்தைக் கண்டால் பின்வாங்கும் என்பதைப் போடியாரும் அறிவார், வண்டிக்காரனும் அறிவான்.

இன்று அந்த வண்டிகள் அருகிப் போயின. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இளைஞர் பலர் மோட்டார் வாகனங்களிலே, அதிலும் வலுக்கூட்டிய விரைவுக் கார்களிலே, பெருவிருப்பம் கொண்டுள்ளனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டு காலமும் கையிலிருந்த கார்களையே பழுது பார்த்துப் பேண வேண்டியதாயிற்று. பழைய யப்பானியக் கார் ஒன்றுக்கு இயந்திரத்தை வலுப்படுத்தி, அதன் வலுவைத் தாங்கத்தக்க உறுதியான கிளச் ஒன்றையும் பூட்டிக்கொள்வது பலருக்கு ஆசையாக மட்டுமன்றித் தேவையாகவும் இருந்தது. அந்தக் கிளச்சின் விலையோ சிறிதன்று. மாதக்கணக்கிலே சேமித்த பணம் ஒரு மாலைப்பொழுதின் விளையாட்டிலே புகையாகிப் போவதும் உண்டு. அது எவ்வாறு நேர்கின்றது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

கிளச் என்பது யாது? ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையும் நின்றுகொண்டிருக்கும் சில்லுகளையும் மெல்ல இணைத்து வைக்கும் உறுப்பே அது. இயந்திரம் நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்க வல்லதன்று. அது முன்னரே சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். சில்லுகளோ அசையாமல் நிற்கின்றன. சுழலும் ஒன்றையும் சுழலாத மற்றொன்றையும் திடீரெனப் பிணைத்தால், ஒன்றில் இயந்திரம் நின்றுபோகும்; அன்றேல் ஏதேனும் முறியும். ஆகவே இரண்டிற்கும் இடையே சற்று நேரம் வழுக்கிப் பின்பு இறுகிப் பிடிக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். இயந்திரத்தின் பின்புறத்திலே பறப்புச் சில்லு எனப்படும் கனத்த இரும்பு வட்டம் சுழல்கின்றது. அதனை எதிர்நோக்கி அமுக்கத் தட்டு என்ற இன்னோர் இரும்பு வட்டம் வலிய வில்லின் உந்துதலோடு நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டப்பெற்ற மெல்லிய தட்டு ஒன்று, கியர்ப் பெட்டிக்குச் செல்லும் தண்டிலே கோக்கப்பட்டிருக்கின்றது. சாரதி கிளச் மிதியை அழுத்தும்போது வில்லின் பிடி தளர்ந்து நடுத்தட்டு விடுபடுகின்றது. காலை மெல்ல எடுக்கும்போது இரு இரும்பு வட்டங்களும் நடுத்தட்டைச் சப்பாத்தி பிடிப்பதுபோல் இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கின்றன. முழுதும் பிடித்த பின்பு மூன்றும் ஒன்றாகவே சுழலும். வழுக்கல் நிகழ்வது அந்த ஓரிரு விநாடிகளிலே மட்டுமே. கிளச்சின் ஆயுள் முழுவதும் அந்த ஓரிரு விநாடிகளின் கையிலேதான் இருக்கின்றது.

தொடக்க காலக் கார்களில் இந்த உராய்வுப் பொருள் தோலாகவே இருந்தது. கூம்பு வடிவான உருளையொன்றில் தோலைப் போர்த்தி, அதனைப் பறப்புச் சில்லின் உட்குழிவினுள் அழுத்திப் பிடிப்பித்தனர். தோல் உலர்ந்து முரடாகிவிட்டால் வண்டி துள்ளும். அதற்கு ஆமணக்கெண்ணெய் பூசுவர். எண்ணெய் மிகுந்துவிட்டால் வழுக்கும். அதற்கு எண்ணெயை உறிஞ்சும் மட்டி மண்ணை அள்ளித் தூவுவர். அக்காலச் சாரதி ஒருபாதி இயந்திர வல்லுநனாகவும் மறுபாதி சக்கிலியனைப்போலத் தோல் பதமறிந்தவனாகவும் இருக்க வேண்டியிருந்தது என்றால் மிகையாகாது. இங்கிலாந்திலே எர்பட் புரூட் என்பவர், மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் தடைக்கட்டையோடு பழைய சப்பாத்தைச் சேர்த்து அழுத்துவதைக் கண்டு, உராய்வுக்கென்றே தனிப்பொருள் செய்ய எண்ணினார் என்பர். 1897இல் அவர் தொடங்கிய தொழில், அவர் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி ஓர் எழுத்தையும் கூட்டி அமைத்த பெரோடோ என்னும் பெயரோடு உலகெங்கும் பரவியது. பின்னர் நெடுங்காலம் கல்நார் என்னும் அஸ்பெஸ்டசே இவ்வேலைக்கு உரியதாக இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு விளைப்பது தெளிவானபின் பல நாடுகள் அதனை விலக்கின. பிரித்தானியா 1999இல் முற்றாகத் தடை செய்தது. பழைய வாகனத்தின் கிளச்சைக் கழற்றும்போது அதனுள் படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உண்டு. அதனை இன்றே விட்டுவிடுதல் நன்று. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது.

இக்காலத் தட்டுகளில் கண்ணாடி நார், செம்புக் கம்பி இழை, பிற நார்கள் ஆகியவற்றைப் பிசினோடும் றப்பரோடும் கலந்து சுட்டெடுத்த உறையே பெரும்பாலும் காணப்படும். வலுக்கூட்டிய கார்களுக்கென வருபவற்றில் கெவ்லார் நார் சேர்ந்த உறையும், மட்பாண்டத் தன்மையும் உலோகமும் கலந்த சிறு சிறு வில்லைகளும் உண்டு. அவற்றின் அமுக்கத் தட்டு மிக வலிய வில்லை உடையது. ஆகவே மிதியும் கனமாக இருக்கும்.

இனி ஒரு கணக்கு. ஒரு கிளச் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: வில் அழுத்தும் விசை, உராய்வுக் குணகம், தட்டின் சராசரி ஆரை. உராயும் முகங்கள் இரண்டு ஆதலின், பெருக்கத்தை இரட்டிக்க வேண்டும். வில்லின் விசை 5000 நியூற்றன், அதாவது ஏறத்தாழ ஐந்நூறு கிலோகிராம் பாரம் மேலே அமர்ந்தாற்போன்றது என்று கொள்வோம். உராய்வுக் குணகம் 0.3, சராசரி ஆரை பத்துச் சதமமீற்றர். இவற்றைப் பெருக்கினால் 300 நியூற்றன் மீற்றர் கிடைக்கும். இயந்திரம் தருவது 250 என்றால் கிளச் வழுக்காமல் பிடிக்கும். அதே கிளச்சில், வேறெதுவும் மாறாமல், உராய்வுக் குணகம் மட்டும் 0.2 ஆகக் குறைந்துவிட்டால் தாங்கும் அளவு 200 ஆகிவிடும். இயந்திரம் 250 தந்தால் கிளச் வழுக்கும். இரண்டு தட்டுகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்று கார், மற்றது வெறும் இரைச்சல்.

உராய்வுக் குணகம் ஏன் குறைய வேண்டும்? இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிரான்சு தேசத்து அமொந்தோன் 1699இலும், பின்னர் கூலோம் 1785இலும் எடுத்துரைத்தபடி, உராய்வு விசையானது தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று, அழுத்தத்தைப் பொறுத்ததே. அவ்வாறாயின், புதிய தட்டு அங்கங்கே தொட்டுக்கொண்டிருந்தால் என்ன, முழுதும் தொட்டால் என்ன? பழக்குவதற்கு அவசியமே இல்லையே என்று ஒரு மாணவன் கேட்டால், அக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் ஆகாது.

விடை வெப்பத்திலே இருக்கின்றது. எத்துணை நன்றாகக் கடைந்தெடுத்த இரும்பு முகமும் நுண்ணோக்கியின் கீழே மலையும் மடுவுமாகவே தெரியும். இரு முகங்களைச் சேர்த்து வைத்தால் மலைமுகடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். பௌடன், தேபர் என்னும் அறிஞர் இருவர் 1950இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை விரிவாக விளக்கினர்: மெய்யாகத் தொடும் பரப்பு, தொடுவதாகத் தோன்றும் பரப்பில் ஒரு சிறு பங்கே. புதிய கிளச்சில் இந்த முகடுகளும் சில, அவையும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. உறையிலே ஓர் ஓரம் ஒரு மயிரிழை உயர்ந்திருக்கும். மற்றோர் ஓரம் தாழ்ந்திருக்கும். உராய்விலே பிறக்கும் வெப்பம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் தலையிலேயே விழுகின்றது. பழகிய தட்டிலோ, முகடுகள் தேய்ந்து, இரும்பின் முகமும் உறையின் முகமும் ஒன்றற்கொன்று வார்த்தெடுத்தாற்போல் பொருந்தியிருக்கும். உறையின் பொருள் மிக மெல்லிய படலமாக இரும்பின் மீதும் படிந்திருக்கும். அந்நிலையில் வெப்பம் எங்கும் பரந்து விழும். எந்தப் புள்ளியும் அளவுக்கு மீறிக் கொதிப்பதில்லை.

உறையைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் வெப்பத்தைப் பெரிதும் தாங்கும் இயல்பினதேனும், 300 செல்சியசு பாகையை நெருங்கும்போது சிதையத் தொடங்கும். சிதைந்த பிசின் மேலே கசிந்து, ஆறியபின் கண்ணாடிபோல இறுகிப் பளபளக்கும். அதன் மேல் இரும்பு வழுக்குமேயன்றிப் பிடிக்காது. உராய்வுக் குணகம் 0.3லிருந்து 0.2க்கு வீழ்வது இவ்வாறுதான். வீழ்ந்தால் வழுக்கல் கூடும். வழுக்கல் கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் இன்னும் பிசின் கசியும். ஒரு முறை இச்சுழலில் அகப்பட்ட தட்டு தானாக மீள்வது அரிது. கழற்றிப் பார்த்தால் இரும்பு முகத்திலே மயில் கழுத்து நிறத்தில் நீலத் திட்டுகள் தெரியும். உருக்கு ஏறத்தாழ 300 பாகையை எட்டும்போதுதான் அந்நிறம் கொள்ளும் என்பதைக் கொல்லர்கள் நன்கு அறிவர். ஆகவே அந்த நீலத் திட்டு ஓர் எழுத்துச் சாட்சியம். அதனை மறுத்துரைக்க எந்தச் சாரதியாலும் முடியாது.

வெப்பத்தின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1200 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும்போது முதற் கியரில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றராக இருக்கும். நின்ற காரை அந்த வேகத்துக்குக் கொண்டுவர வேண்டிய சக்தி ஏறத்தாழ 6700 யூல். இயந்திரத்தை அதே சுற்றில் வைத்துக்கொண்டு கிளச்சை விடும்போது, காருக்குச் சேரும் சக்திக்கு ஈடான சக்தி கிளச்சிலே வெப்பமாக வீணாகும். கார் எவ்வளவு பெறுகின்றதோ அவ்வளவைக் கிளச்சும் தீயாக விழுங்குகின்றது. இப்பொழுது அதே காரை, இயந்திரத்தை 4500 சுற்றுக்கு முடுக்கிவிட்டுக் கிளச்சைப் பிடிப்பித்துப் புறப்படச் செய்தால் என்ன ஆகும்? சுற்று மும்மடங்கு, வேகம் மும்மடங்கு, சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலின் ஒன்பது மடங்கு. 60,000 யூல். பத்துக் கிலோகிராம் இரும்பிலே 6700 யூல் சென்றால் அது ஒன்றரைப் பாகையும் சூடேறாது. 60,000 யூல் சென்றால் பன்னிரண்டு பாகைக்கு மேல் ஏறும். இது முழு இரும்பும் பங்கிட்டுக்கொண்ட பின் காணும் சராசரி. அந்த ஒரு விநாடியிலே தோல்போன்ற மேற்படலமும், அதிலும் புதிய தட்டின் சில முகடுகளும் படும் வெப்பம் இதனினும் பன்மடங்கு. நண்பர்கள் சுற்றி நிற்க, கைதட்டலுக்கு நடுவே, பத்துத் தடவை இவ்வாறு புறப்பட்டுக் காட்டிய புதிய கிளச்சின் கதி என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழக்கும் முறைக்கு வருமுன் பூட்டும் முறையைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். பழக்குதலில் தோன்றும் குறைகளில் பெரும்பகுதி பூட்டும்போதே புகுந்தவை என்பது அனுபவமிக்க பாஸ்மாரின் துணிபு. பழைய பறப்புச் சில்லின் முகம் பழைய தட்டோடு பழகியிருக்கும். புதிய தட்டுக்கு அது அந்நியம். ஆகவே கடைசல் பட்டறைக்குக் கொண்டு சென்று அதன் முகத்தை மெல்லியதாகச் சமன்செய்து வருதல் நலம். கடற்கரை ஊர்களிலே இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் இரண்டு கிழமை வெறுமனே கிடந்த இரும்பிலே செம்மண் பூத்தாற்போல் துரு படர்ந்துவிடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தபோது, உப்புநீரில் மூழ்கியது இரும்புக்கு என்ன செய்யும் என்பதை இக்கரையோரப் பட்டறைகள் கசப்போடு கற்றுக்கொண்டன. துருவைத் தடுக்கவென்றே புதிய அமுக்கத் தட்டின் மேல் உற்பத்தியாளர் எண்ணெய் பூசி அனுப்புகின்றனர். அந்த எண்ணெயைத் துடைத்து நீக்காமல் பூட்டிவிட்டால், அது முதல் நாளே உறைக்குள் ஊறிவிடும். எண்ணெய்க் கையால் உறையைத் தொடுவதும் ஆகாது. தட்டு வழுக்கிச் செல்லும் தண்டின் பற்களுக்கு மசகு வேண்டும். ஆனால் மிகச் சிறிதளவே. மிகுந்தால் சுழற்சியில் சிதறி உறையிலே படும். அமுக்கத் தட்டின் சுரைகளை ஒரே பக்கமாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இன்றேல் தட்டு கோணும். புறப்படும்போதெல்லாம் கார் குளிர்காய்ச்சல்காரனைப்போல் நடுங்கும். இறுதியாக, மிதியிலே சிறிதளவு வெறும் ஆட்டம் இருக்குமாறு அமைக்க வேண்டும். ஆட்டமே இல்லாத மிதி, கிளச்சை எந்நேரமும் அரைப்பிடியில் வைத்திருக்கும்.

இவையெல்லாம் செவ்வனே முடிந்தபின் காரை வெளியே எடுக்கலாம். எவ்வளவு தூரம் பழக்க வேண்டும்? வலுக்கூட்டிய கிளச் செய்வோர் பலர் 500 மைல், அதாவது 800 கிலோமீற்றர் என்று குறிப்பிடுவர். கெவ்லார் உறைக்கு இன்னும் நீண்ட காலமும் இன்னும் மென்மையும் வேண்டும். அது சூட்டில் கண்ணாடியாவதில் முன்னிற்பது. மட்பாண்ட, உலோக வில்லைகள் விரைவில் பழகிவிடும். ஆனால் அவை ஆயுள் முழுவதும் சற்று முரட்டுத்தனமாகவே பிடிக்கும். கிளச்சோடு வரும் தாளில் உற்பத்தியாளர் எழுதியிருப்பதே இறுதித் தீர்ப்பு. அத்தாளைப் பெட்டியோடு சேர்த்து எறிந்துவிடுபவரே பெரும்பாலோர் என்பது வருந்தத்தக்கது.

800 கிலோமீற்றர் என்றதும் ஒருவர் கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஒரு முறை போய்வந்தால் போதுமே என்று எண்ணக்கூடும். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். நெடுஞ்சாலையிலே கார் ஐந்தாம் கியரில் ஓடும்போது கிளச் முழுதும் பிடித்துக்கொண்டே இருக்கின்றது, வழுக்கல் இல்லை, முகங்கள் ஒன்றையொன்று தேய்ப்பதில்லை. அவ்வாறு நூறு கிலோமீற்றர் ஓடினாலும் கிளச்சைப் பொறுத்தவரை கார் நிறுத்தியே வைக்கப்பட்டிருந்ததற்கு ஒப்பாகும். கணக்கிலே சேர்வது ஓடிய தூரமன்று. எத்தனை முறை மெல்லப் பிடித்து மெல்ல விட்டோம் என்னும் எண்ணிக்கையே. தூரத்தைக் குறிப்பிடுவது, நகர வீதியில் அத்தூரம் செல்லும்போது இயல்பாக அத்தனை முறை பிடித்து விட நேரும் என்பதனாலேதான்.

அந்த வகையிலே கரையோர வீதி இதற்கென்றே அமைத்ததுபோல் விளங்குகின்றது. மருதமுனையில் புறப்பட்டு, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாகச் சென்று, ஒலுவிலையும் பாலமுனையையும் அட்டாளைச்சேனையையும் கடந்து அக்கரைப்பற்றை அடையும் வீதி சமதரையிலே செல்கின்றது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஊரும் ஊரும் பெரும்பாலும் ஒட்டியே கிடக்கின்றன. பள்ளிக்கூடம் விடும் வேளையில் பிள்ளைகள் வீதியைக் கடப்பர். சந்தை முன்றலில் முச்சக்கர வண்டிகள் திரும்பும். பஸ் ஒன்று ஆள் ஏற்ற நிற்கும். வெள்ளிக்கிழமையில் ஜும்ஆ முடிந்து மக்கள் திரளாக வெளிவருவர். ஒவ்வொரு தடைக்கும் காரை நிறுத்தி, மீண்டும் புறப்பட வேண்டியுள்ளது. மற்ற நாட்களில் சலிப்பூட்டும் இந்த நிறுத்தங்கள், புதிய கிளச் பூட்டிய காரின் சாரதிக்கு ஒவ்வொன்றும் ஒரு பாடம். நாள்தோறும் காலையிலோ மாலையிலோ ஒரு தடவை அக்கரைப்பற்றுவரை போய் மீள்பவர், சில கிழமைகளில் வேண்டிய தூரத்தையும், அதனினும் முக்கியமான எண்ணிக்கையையும் நிறைவு செய்துவிடுவார்.

புறப்படும்போது இயந்திரத்தை 1500 சுற்றுக்கு மேல் உயர்த்த வேண்டியதில்லை. மிதியை மெல்ல எடுத்து, பிடிக்கும் இடத்தை உணர்ந்து, பிடித்தவுடன் காலை முழுதும் விலக்கிவிட வேண்டும். மெல்ல விடுதல் என்பதை நெடுநேரம் அரைப்பிடியில் வைத்திருத்தல் என்று சிலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். அஃது அன்று. பிடி மென்மையாக இருக்க வேண்டும். நீண்டதாக இருத்தல் ஆகாது. காலை மிதியின் மேலேயே ஓய்வாக வைத்திருப்பதும் அரைப்பிடியே. முச்சந்தியில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும்போது அங்குல அங்குலமாகக் கிளச்சினாலேயே காரை நகர்த்துவதைவிட, முன்னே சற்று இடம் விடும்வரை காத்திருந்து ஒரே முறையில் நகர்த்துதல் மேல். பழக்கும் காலம் முடியும்வரை இயந்திரத்தின் முழு வலுவையும் எந்தக் கியரிலும் கேட்கக் கூடாது. பின்னால் இன்னொரு வாகனத்தைக் கட்டி இழுப்பதும் கூடாது.

கடற்கரை மணலைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று, காரை மணல் ஓரத்துக்கு இறக்கி, சில்லுகள் புதைந்துபோவது இக்கரையோரத்திலே அடிக்கடி காணும் காட்சி. சில்லு புதைந்ததும் சாரதிக்குப் பதற்றம். இயந்திரத்தை முடுக்கி, கிளச்சை அரைப்பிடியில் வைத்து, முன்னும் பின்னும் ஆட்டுவார். ஐந்து நிமிடத்திலே எரிந்த மணம் எழும். ஆறு மாதம் வீதியிலே காணாத வெப்பத்தைக் கிளச் அந்த ஐந்து நிமிடத்தில் காண்கின்றது. பத்துப் பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் செய்வதில் வெட்கம் ஏதுமில்லை. அக்கம்பக்கத்து மீனவர் மனமுவந்து கைகொடுப்பர்.

எரிந்த மணம் வந்துவிட்டால் என் செய்வது? உடனே சோதனையை நிறுத்த வேண்டும். கியரை விலக்கி, மிதியினின்று காலை எடுத்து, இயந்திரத்தை மெல்லச் சுழலவிட்டால் பறப்புச் சில்லும் சுழன்று காற்றினால் ஆறும். அரை மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் தீங்கு மேலளவிலேயே நின்றுவிடும். பின்பு வரும் மென்மையான ஓட்டத்திலே மெல்லிய பளபளப்பு தேய்ந்து நீங்கவும் கூடும். மணம் வந்தபின்னும் ஓட்டியவருக்கே நீலத் திட்டு.

இவ்விடத்திலே உழவு இயந்திரத்தையும் முச்சக்கர வண்டியையும் மறக்கலாகாது. இம்மாவட்டத்தில் விரைவுக் கார்களை விடக் கிளச்சுக்கு அதிக வேலை கொடுப்பவை அவையே. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் அணை எழுப்பி, சம்மாந்துறை தொடக்கம் பல வட்டைகளை மாற்றியமைத்தது. காலப்போக்கில் களவெட்டியிலே மாடுகள் சூடு மிதித்த இடத்தை உழவு இயந்திரம் பிடித்துக்கொண்டது. சேற்றுழவில் அதன் கிளச் படும் பாடு பெரிது. புதிய தட்டுப் போட்ட உழவு இயந்திரத்தை நேரே சேற்றில் இறக்காமல், முதலில் வெறும் பெட்டியோடு வீதியிலே சில நாள் ஓட்டும் விவசாயிகள் உள்ளனர். எவரும் அவர்களுக்கு அமொந்தோனையோ கூலோமையோ கற்பித்ததில்லை. இளங்காளையைப் பழக்கிய தந்தையின் அறிவே அங்கு வேலை செய்கின்றது. முச்சக்கர வண்டியின் கிளச்சோ வேறு வகை. பல சிறு தட்டுகள் எண்ணெயில் மூழ்கியே வேலை செய்கின்றன. எண்ணெய் வெப்பத்தைச் சுமந்து செல்வதால் பழக்கும் தொல்லை குறைவு. ஆனால் அதற்கென வகுத்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். காருக்குரிய சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அவை தட்டுகளை வழுக்கச் செய்துவிடும்.

பழக்காத கிளச்சினால் வரும் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. பூட்டி ஒரு மாதத்திலே கிளச் வழுக்கத் தொடங்கினால் உரிமையாளர் முதலில் குறை கூறுவது உதிரிப்பாகக் கடைக்காரரை: போலிப் பொருளைத் தந்துவிட்டார் என்பார். கடைக்காரர் பழியைப் பூட்டிய பாஸின் மேல் தள்ளுவார். பாஸ் சாரதியின் காலைக் குறை கூறுவார். ஒரே ஊரில், ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழும் மூவர், ஒரு தட்டின் பொருட்டு முகம் பாராமல் நடப்பர். சந்தையிலே போலிப் பொருள் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. கவனமின்றிப் பூட்டுவோரும் உண்டு. ஆயினும் தட்டைக் கழற்றி வெயிலிலே பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை புலப்படும். உறை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் பூட்டியதில் கோணல். எண்ணெய்க் கறை இருந்தால் கசிவு அல்லது துடையாமை. முழுதும் கண்ணாடியாகி இரும்பிலே நீலம் பூத்திருந்தால் சாரதியின் அவசரம். வழக்குப் பேசுமுன் தட்டைப் பார்த்தல் முறை.

இன்னும் ஒன்று உண்டு. கல்முனையிலிருந்து அம்பாறை, மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குச் செல்வோர், பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைப்பாதையில் ஏற வேண்டும். நோயாளியைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் குடும்பங்களுக்கும் அதுவே வழி. சமதரையில் ஏதோ சமாளித்துக்கொண்டிருந்த கிளச், அந்த ஏற்றத்திலே முழு முறுக்கு விசையும் கேட்கப்படும்போதுதான் தன் மெய்நிலையைக் காட்டும். இயந்திரம் அலறும், கார் நகராது, பின்னால் லொறி ஒன்று ஏறி வந்துகொண்டிருக்கும், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இலங்கையின் மோட்டார்ப் பந்தயங்களில் மிகப் பழையதான மகாகஸ்தோட்டை மலையேற்றம் 1934 முதல் நுவரெலியாவில் நடந்து வருகின்றது. அங்கே போட்டியிடுவோரும் புதிய கிளச்சை மலையிலே பழக்குவதில்லை. பழக்கிக்கொண்டே மலைக்கு வருவர். மலையேறுவதையே விளையாட்டாகக் கொண்டோர் அத்துணை எச்சரிக்கையோடிருக்க, நோயாளியைப் பின்னாசனத்தில் கிடத்திச் செல்பவர் அதற்குக் குறைந்த எச்சரிக்கையோடிருத்தல் தகுமா?

800 கிலோமீற்றர் நிறைந்தபின் காரை ஒருமுறை பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உறையின் மேற்படலம் தேய்ந்திருப்பதால், கம்பியினால் இயங்கும் கிளச்சில் மிதியின் வெறும் ஆட்டம் குறைந்திருக்கும். அதனைத் திரும்ப அமைக்க வேண்டும். எண்ணெய் அமுக்கத்தால் இயங்குவதாயின், குழாயிலே காற்று இல்லையென்பதையும் கசிவு இல்லையென்பதையும் பார்த்தால் போதும். அதன் பிறகு வெறிச்சோடிய நேரான வீதியொன்றில், மூன்றாம் கியரில், முதலில் அரை வலுவும், சற்றுப் பொறுத்து முக்கால் வலுவும், மறுநாள் முழு வலுவும் கேட்டுப் பார்க்கலாம். சுற்று மானியின் முள்ளும் வேக மானியின் முள்ளும் ஒன்றாகவே ஏறினால் கிளச் பிடித்துக்கொண்டது. சுற்று முள் மட்டும் தனியே தாவினால், இன்னும் சில நாட்கள் அக்கரைப்பற்று வீதியிலே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வழிவிட்டு நின்று செல்ல வேண்டியதுதான்.